பிரகாசம் உடைத்த சுவர்கள்

செய்தி வந்தபோது நான் ஒரு மாடிப்படியின் வரைபடத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். படப்பையிலிருந்து கொத்தனார் மாணிக்கம் சைக்கிளில் வந்தார். "நம்ம இன்ஜினியர் காலைல போயிட்டாரு சார். மாரடைப்பாம்" என்றார். "சரி" என்றேன். பாதியில் நின்ற கோட்டைப் போட்டு முடித்தேன். மைப்புட்டியை மூடினேன். அப்புறம்தான் அவரோடு கிளம்பினேன். அன்று முதல் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. கை வேலை செய்கிறது. நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

ஞானப்பிரகாசத்தை நம் வீட்டு வசதிச் சங்கத்தார் எல்லோரும் அறிவீர்கள். அவர் சங்கத்தின் பொறியாளர். நான் வரைபடம் போடுகிறவன். சங்கம் வடக்குப்பட்டில் கட்டவிருந்த வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் மலிவு என்று நான் வரைந்து வைத்திருந்தேன். பிரகாசம் வாதாடவில்லை. சித்திரை வெயிலில், அதே கூரை போட்ட ஒரு கிடங்குக்குள் என்னை அழைத்துப் போய் நிற்க வைத்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"நிழல்லதானே நிக்கிற? அப்புறம் ஏன் தலை கொதிக்குது? வெயில்ல காய்ஞ்ச கூரையே ஒரு அடுப்புய்யா. நிழல் மட்டும் பத்தாது. சூடு கீழ எறங்காம தடுக்கணும்" என்றார். திரும்பி வந்து அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன்.

அவர் சொன்னபடியே கூரை ஓடுகளை இரண்டு அடுக்காக, நடுவில் இடைவெளி விட்டுப் போட்டோம். மதியத்து அனல்காற்று உள்ளே புகக்கூடாது என்று, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்துகளை எல்லாம் சுண்ணாம்புக் கலவை வைத்து அடைத்தார். சன்னல்களையும் சிறியதாக்கினார். முதல் கோடையில் குடிவந்தவர்கள் கொண்டாடினார்கள். "வெளிய மண்டை பொளக்குது. வூட்டுக்குள்ள பூந்தா சில்லுனு கீது" என்று அந்தோணி பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். தாம்பரம் பக்கம் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலை பார்த்தவர் அவர். பிரகாசம் என்றால் அவருக்கு உயிர்.

ஐப்பசி மழையில் அந்தோணியின் மனைவி மேரிக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாதென்று அறைக்குள் கரிக் கணப்பு மூட்டி, கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருந்தார்கள். அவர்களுடைய பழைய குடிசையில் அதே கணப்பு யாரையும் ஒன்றும் செய்ததில்லை. கீற்று இடுக்குகளின் வழியே காற்று போய்வந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் ஓர் இடுக்கும் இல்லை. பிற்பகலில் கஞ்சி கொண்டுபோன மேரியின் அக்கா கதவைத் திறந்தபோது மேரி நினைவின்றிக் கிடந்தாள். குழந்தையிடம் அசைவே இல்லை. இருவரையும் மழையிலேயே வெளியே தூக்கி வந்து, செங்கல் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கரியிலிருந்து வந்த நச்சுக்காற்று என்றார் டாக்டர். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தோணி பிரகாசத்தின் சட்டையைப் பிடித்துவிட்டார். "வூடு கட்டினியா, டப்பா கட்டினியா? எம்புள்ளைய உள்ள வெச்சு மூடிட்டியே சார்!"

"டப்பாதான் கட்டிட்டேன் அந்தோணி" என்றார் பிரகாசம்.

இனிமேல் யாரும் கணப்பு மூட்டக்கூடாது என்று எழுதி ஒட்டிவிடலாம் என்றார் சங்கச் செயலாளர். பிரகாசம் ஒத்துக்கொள்ளவில்லை. "காலங்காலமா செய்யறதத்தான் அவங்க செஞ்சாங்க. அதை யோசிக்காம கட்டினது நான்தான்."

மறுநாளே மாணிக்கத்தோடு உளியும் சுத்தியலுமாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் சுவரை உடைத்தார். ஒரு சுவரில் தரையை ஒட்டி ஒரு துளை. எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி இன்னொன்று. "சூடான காத்து தானா மேல ஏறும். அது வெளிய போக வழி வுட்டா, கீழ புதுக் காத்து தானா வரும்" என்று வீடு வீடாகச் சொன்னார். இப்போதுதான் வெள்ளையடித்தோம் என்று முகம் சுளித்தவர்களின் சுவருக்கு அவரே சுண்ணாம்பு மட்டை எடுத்து வெள்ளையடித்தார்.

மேரி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அங்கே போனபோது, அந்தோணி மட்டும் வாசலில் குறுக்கே நின்றார். உள்ளே விடவில்லை. பிரகாசமும் திரும்பிப் போகவில்லை, தூறலில் நின்றார். கடைசியில் மேரியின் குரல்தான் உள்ளேயிருந்து வந்தது. "வுடுய்யா அவர. மூச்சு முட்டினது எனக்கு. நான் சொல்றேன், வுடு."

அந்தோணி விலகினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு யாராவது பொதுவாக "வீடு வெக்கையா இருக்கு" என்றால் பிரகாசம் விடமாட்டார். "எந்த வெக்கை? கூரை வழியா எறங்குதா? பகல்ல சுவர் குடிச்ச சூட்ட ராத்திரி கக்குதா? இல்ல, காத்து நின்னுபோன புழுக்கமா? எல்லாத்துக்கும் ஒரே மருந்து குடுத்தா ஆளே போயிடுவான்." புதிதாக வரும் மேஸ்திரிகளிடமெல்லாம் இதைச் சொல்வார். மேரியின் பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

அடக்கத்துக்கு அந்தோணியும் மேரியும் வந்திருந்தார்கள். அந்தக் குழந்தை இப்போது தாவணி போட்ட பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரகாசத்தின் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்து, "அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, கட்டி முடித்த எந்த வீட்டின் சாவியையும் அவர் உடனே கொடுத்ததில்லை. கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு ஒரு பகல் முழுக்க உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பார். நானும் கூட இருப்பேன். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். யாருக்கு முதலில் வியர்க்கிறது என்பதுதான் எங்கள் கணக்கு. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பகலைத்தான். அடுத்த வாரம் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீடு முடிகிறது. போய் உட்காருவேன். என் முகத்தைப் பார்க்க எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள்.