ஜெபம் முடிவதற்குள் உறைந்த டம்ளர்கள்

போன வாரம் திருப்பதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குத் துவரம்பருப்பு வாங்கப் போயிருந்தேன். வாசலிலேயே பச்சை டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் மேஜை போட்டு நின்றிருந்தாள். காகிதக் கப்பில் ஏதோ ஒரு பொடியைக் கலக்கி, "மேடம், நேச்சுரல் ஃபைபர், ப்ரீபயாடிக், டேஸ்ட் சூடண்டி" என்று தெலுங்கில் ருசி பார்க்கச் சொல்லி நீட்டினாள். நீட்டினாளே ஒழிய கப்பை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே குடலைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பதறிவிட்டது. "ஃபர்ஸ்ட் குடிக்க உடும்மா, அப்பால பேசலாம்" என்று பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தேன். ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். கலக்கிய பொடியைக் காக்க வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிகிற மாதிரி அவளுக்குத் தெரிய இன்னும் நாளாகும்.

வாயில் ஆரஞ்சு வாசனை. அதற்குக் கீழே நனைந்த கோணிச் சாக்கின் வாசனை. இந்த இரண்டாவது வாசனையை எந்தக் கம்பெனிக்காரனாலும் மறைக்க முடிவதில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் துவரம்பருப்பை மறந்து சித்தூருக்குப் போய்விட்டேன்.

சித்தூரில் எங்களுடையது மூன்று வீடுகள் ஒட்டிய வரிசையில் ஒன்று. சர்ச்சுக்குப் பின்தெரு. பாத்ரூம் அடுப்படிக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கதவு தூரத்தில். அதனால் வீட்டில் யாருக்கும் எந்த ரகசியமும் கிடையாது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பஸ் டிரைவர். சித்தூர் திருப்பதி லைன். தினமும் காலையில் பாத்ரூமிலிருந்து வெளியே வந்ததும் தகரக் கதவைத் தட்டிச் சாத்திவிட்டு, "ரைட்" என்பார். கண்டக்டர் சொல்கிற அதே ரைட். நாளெல்லாம் யாரோ ஒருவர் ரைட் சொல்லித்தான் அவர் வண்டியை எடுக்க வேண்டும். காலையில் ஒருமுறையாவது தானே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த ரைட் கேட்ட பிறகுதான் அம்மா காப்பியை இறக்குவாள், நான் தலை வாருவேன். எங்கள் வீட்டுக்கு அதுதான் கடிகாரம்.

நான் டிகிரி முடித்து வேலை தேடிய வருஷம், அந்த ரைட் நின்றுபோனது.

முதலில் ஒரு நாள் கேட்கவில்லை. பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நைனா அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் உள்ளேயே இருப்பார். வெளியே வரும்போது முகம் வெளுத்திருக்கும். யாரையும் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவார். பஸ்ஸில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் நடுவழியில் நிறுத்த வேண்டிவரும், வண்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள், நிறுத்தினால் கத்துவார்கள். கீழே என்ஜின் சூடு. சாப்பாடு என்றால் வெள்ளைச் சோறு, அதன்மேல் மாங்காய் ஊறுகாய். கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்தால் தள்ளிவிடுவார். விஜயபுரம் பக்கம் அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். மூன்று வேளையும் களிதான். "அத்த துன்னது போதும். நான் சம்பளக்காரன்" என்பார். வெள்ளைச் சோறு அவருக்குச் சாப்பாடு மட்டுமல்ல, ஏறி வந்த படிக்கட்டு. அதை விட்டு இறங்கச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியமில்லை.

திருப்பதி டாக்டர் சொன்னதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். மூலம் முற்றிக்கொண்டு வருகிறது, இப்படியே முக்கிக்கொண்டிருந்தால் அறுக்க வேண்டியதுதான், அறுத்தால் பல மாதம் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. நைனாவுக்குக் கத்தியைப் பற்றிக் கவலையில்லை. "ஒருவாட்டி சீட்ட உட்டு எறக்கினா அப்புறம் ஷெட்ல குந்த வெச்சிடுவாங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் உடைந்ததாம். என்னிடம் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மகளிடம் எந்த அப்பன் இதைப் பேசுவான்?

அந்த நேரம் பார்த்து எனக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? நார்ச்சத்துப் பொடி விற்கிற வேலை. சிரிக்காதீர்கள், நானே சிரித்து முடித்துவிட்டேன். திருப்பதியில் ஒரு சின்னக் கம்பெனி. இசப்கோல் விதையின் உமியும் சிக்கரி வேரிலிருந்து எடுத்த நாரும் கலந்த பொடி. மேனேஜர் இரண்டு நாள் பாடம் எடுத்தார். நம்முடைய குடலில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடித்தனம் நடத்துகின்றன, நமக்குச் செரிக்காத நாரைத்தான் அவை சாப்பிடுகின்றன, அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர்தான் ப்ரீபயாடிக் என்றார். வாழைத்தண்டிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் கேழ்வரகிலும் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றும் சொன்னார். அப்புறம் எதற்கு டப்பா என்று கேட்கத் தோன்றியது, வேலை போய்விடுமே என்று கேட்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார்: கலக்கியதும் குடித்துவிட வேண்டும், கூடவே நிறையத் தண்ணீர். அதை நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினேன்.

அன்றைக்கே ஒரு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று முறை கலக்கிக் கொடுத்தேன். மூன்று முறையும் நைனா வாங்கி ஜன்னலில் வைத்தார். சிக்கரி என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "அது காப்பிலயே கீதே, நான் காப்பி குடிச்சிக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார். குடித்தால் தனக்கு அந்த வியாதி இருக்கிறது என்று என் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. சர்ச்சில் எல்லோருக்கும் கொடுத்தால்? ஊரே குடிக்கும்போது அவரும் குடிப்பார், அது வியாதியைக் காட்டிக்கொடுக்காது. கம்பெனிக்கு விளம்பரம், எனக்கு நல்ல பெயர். ஆனால் உள்ளுக்குள் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் அந்த ஏற்பாடு. பாஸ்டரிடம் கேட்டேன். "பத்து நிமிஷம் எடுத்துக்கோம்மா" என்றார். பத்து நிமிஷம் எனக்கு என்று நினைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் பின்னால் ஹாலுக்கு வந்தார்கள். டீ கொடுக்கிற நீள மேஜையில் நாற்பது எவர்சில்வர் டம்ளர். நானும் எஸ்தர் அக்காவும் வேகவேகமாகக் கலக்கினோம். எஸ்தர் அக்கா பாட்டுக் குழுவில் முன்வரிசை, எந்த வேலைக்கும் முதலில் வருகிறவள். நைனா வழக்கம்போல வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில். டிரைவர் எங்கே உட்கார்ந்தாலும் இறங்குகிற வழியைப் பார்த்துத்தான் உட்காருவார்.

"எடுத்துக்குங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாஸ்டர் கையை உயர்த்தி, "ஜெபிப்போமாக" என்றார்.

இதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஹாலில் ஒரு பிஸ்கட்டைக்கூட ஜெபம் இல்லாமல் கடித்ததில்லை. நோட்டில் அடிக்கோடு போட்டவளுக்கு இது தோன்றவில்லை. எல்லோரும் கண்ணை மூடினார்கள். பாஸ்டர் பானத்துக்காக நன்றி சொன்னார். அதைக் குடிக்கப்போகும் வயிறுகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, மழைக்காக, வேர்க்கடலைக்காக, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்காகப் பெயர் பெயராக ஜெபித்தார். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். முதல் டம்ளரில் பொடி ஊறி மேலே வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் "ஆமென்" என்றதும் பாய்ந்தேன். ஆனால் எங்கள் சபையில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள். ஒரு பெரியவர் எழுந்து தெலுங்கில் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறவரிடம் போய், சீக்கிரம் முடியுங்கள், கெட்டியாகிறது என்று எப்படிச் சொல்வது? அவர் மழைக்கு வந்தபோதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தி என்று எஸ்தர் அக்கா நினைத்திருப்பாள்.

இரண்டாவது ஆமென். ஒருவர் டம்ளரை எடுத்து வாயில் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் வரவில்லை. "ஏமம்மா, இதி தாகேதா, தினேதா?" என்று கேட்டார். குடிப்பதா, தின்பதா என்பது நியாயமான கேள்விதான். ஹால் முழுக்கச் சிரிப்பு. பாஸ்டரும் சிரித்தார். ஆளாளுக்கு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நான் டேபிள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காது இரண்டும் எரிந்தது. வேலை போகட்டும், இனிமேல் நைனா இந்தப் பொடியைத் தொடக்கூட மாட்டார் என்பதுதான் என் அழுகை.

கடைசி பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. நைனா எழுந்து, இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நடந்து வந்தார். மேஜை முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரை எடுத்து உள்ளங்கையில் தட்டினார், கட்டி கையில் விழுந்தது. எஸ்தர் அக்கா ஸ்பூனை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விரலால் ஒரு உருண்டை கிள்ளி, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். களி தின்கிறவர்கள் விழுங்குவார்களே, அப்படி. அந்தக் கை அதை மறக்கவே இல்லை.

"களி மாரிதான் கீது. நல்லாத்தான் கீது" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என்னிடம் மெதுவாக, "தண்ணி குடும்மா."

இரண்டு டம்ளர் குடித்தார். சபையில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. எஸ்தர் அக்கா ஸ்பூனோடு உட்கார்ந்தாள், பிறகு பாஸ்டர், பிறகு ஆளுக்கு ஆள். நான் குடத்தோடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினேன்.

வீட்டுக்கு பைக்கில் வரும்போது நைனா முன்னாலிருந்து கேட்டார்: "இத்த ஊட்லயே குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேனே நைனா. மூணு வாட்டி."

வண்டி ஒரு தெரு தாண்டியது. "ஆமா இல்ல" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவரே அம்மாவிடம் களி கேட்டார். மறுநாள் டூட்டிக்கு ஒரு தண்ணீர் பாட்டில் போனது. கத்தினால் கத்தட்டும், சந்திரகிரியில் வண்டியை நிறுத்துவேன் என்றாராம். நாலாம் நாள் காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். தகரக் கதவு தட்டிச் சாத்தப்பட்டது.

"ரைட்."

அம்மா காப்பிப் பாத்திரத்தை இறக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். காப்பி பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை, ஒரு மலச்சிக்கல் தீர்ந்ததற்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம், ஆமாம், அவ்வளவு. பொடியா, களியா, தண்ணீரா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டர் பிறகு கத்தியைப் பற்றிப் பேசவில்லை. நைனா ரிடையர் ஆகிற நாள்வரை ஸ்டியரிங் பிடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

கம்பெனி ஒரு வருஷத்தில் மூடிவிட்டது. நான் திருப்பதியில் பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்தேன். இப்போது சித்தூர் சர்ச்சில் மைக்கில் ஒரே ஒரு குட்டி ஜெபம், இரண்டு மொழிக்கும் சேர்த்து. வெட்கமும் போய்விட்டது. எங்கள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் காலை வசனத்துக்குக் கீழேயே யாருக்கு வயிறு எப்படி என்று எழுதுகிறார்கள். வரிசை வீட்டை இடித்துவிட்டார்கள், தகரக் கதவு எந்தக் காயலான் கடைக்குப் போனதோ.

நைனா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே போனார், கஷ்டப்படவில்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். எங்கள் ஃபிளாட்டில் பாத்ரூம் கதவு சத்தமே போடாது. ஆனாலும் தாழ்ப்பாள் திறக்கிற சின்ன ஓசைக்கு அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுத் தலையைத் தூக்குகிறாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் வெளியே வந்ததும் நானே, "ரைட்" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "அதுக்கெல்லாம் வண்டி கெளம்பாதுடி" என்று சொல்லிவிட்டு, காப்பியை இறக்கினாள்.