ஷிப்ராவின் வெள்ளைப் புடவை

என் விரல் நகங்கள் இந்த வாரம் முழுக்க நீலம். ஆபீஸ் மீட்டிங்கில் பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். தொற்று வியாதி என்று நினைத்தாரோ என்னவோ!

வியாதி இல்லை சார். அவுரிச் சாயம்.

மெல்போர்னில், எங்கள் நோபிள் பார்க் பக்கத்து வங்காளிகள் மாதம் ஒரு ஞாயிறு கம்யூனிட்டி ஹாலில் கூடி, வெள்ளைக்காரன் காலத்து வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு மாதம் தேயிலை. ஒரு மாதம் மஸ்லின். போன மாதம் சணல். ஆஸ்திரேலிய ஆட்டு ரோமத்தை மூட்டை கட்டிய சாக்கெல்லாம் ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்துதான் கப்பலில் வந்ததாம். உனக்கும் வங்காளத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ரசகுல்லா. கூட்டம் முடிந்ததும் கொடுப்பார்கள். எதிர் வீட்டு ஷிப்ரா கூப்பிட்டார் என்பது இரண்டாவது காரணம்.

ஷிப்ராவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு சைல்ட்கேரில் சமையல் வேலை. வேலைக்குப் போகும்போது சிவப்பு டீ-ஷர்ட், அதில் குழந்தைகள் ஒட்டிவிட்ட ஸ்டிக்கர்கள். ஆனால் வங்காளிகள் கூடும் இடத்துக்கு மட்டும் வெள்ளைப் புடவை. கரை கிடையாது, பூ கிடையாது. கணவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

இந்த நாட்டில் ஷிப்ராவுக்கு இருக்கும் ஒரே உறவு கணவரின் அக்கா மாலதி. இந்த வங்காளிச் சங்கத்தின் தலைவி. எல்லோருக்கும் மாலதி தீதி. தீதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. நல்ல மனுஷி. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஷிப்ராவைத் தாங்கிப் பிடித்தது அவர்தான். வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு ஷிப்ராவுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுப்பார். நல்ல பருத்தி, பூப்போல இருக்கும். வெள்ளை.

“வெள்ளைதான் கட்டணும்னு சொன்னாங்களா?” என்று ஒருமுறை ஷிப்ராவைக் கேட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். வெளியாட்கள் வருவதால் கூட்டத்திலும் அப்படித்தான். உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன்.

“சொல்லலை. கொடுத்தாங்க.”

“வேற கலர் வேணும்னு சொல்லவேண்டியதுதானே?”

“செத்துப்போனது அவங்க தம்பி. எப்படிச் சொல்றது?”

எங்கள் ஊரிலும் இதே வெள்ளையை நான் பார்த்திருக்கிறேனே...

இந்த மாதம் அவுரி. வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தால் நீலத்தில் முக்கிக் கொண்டு போகலாம் என்று அழைப்பு. நான் என் கணவரின் வேட்டியை எடுத்துக்கொண்டேன். என்னோடு வரும் ரெஜினா அன்ரி — மன்னார்க்காரர், எனக்கு இந்த ஊரில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் — ஒரு தலையணை உறை கொண்டுவந்தார்.

முதலில் மாலதி தீதி பேசினார். சாயம் முக்குவதில் அவருக்கு இஷ்டமே இல்லை. ஏற்பாடு செய்தது அனிர்பன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். அவரைப் பார்த்தபடியேதான் பேசினார்.

“நெல்லு விளையற நிலத்துல அவுரி போடுன்னு அடிச்சாங்க. நம்ம ஆட்கள் பட்டினி கிடந்தாங்க. நீலம் கப்பல்ல போச்சு. அந்தச் சாயத்துல இன்னிக்கு நாம கர்ச்சீப் முக்கப் போறோம்! எனக்குச் சாயத்து மேல கோபம் இல்லை. உனக்கு என்ன விதைக்கணும்னு ஆசைன்னு அந்த விவசாயியை ஒருத்தனும் கேட்கலை பாருங்க... அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.”

குரல் உடைந்துவிட்டது. ரசகுல்லாவுக்காக வந்த நான் வெட்கப்பட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் எல்லோரும் பின்பக்கம் புல்வெளிக்குப் போனோம். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் சாயம். குளிர்கால வெயில், சோம்பலாக, எங்கே விழுவது என்று தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்த ரெஜினா அன்ரிக்கு ஏமாற்றம்.

“என்ன பிள்ளை இது, பச்சையாக் கிடக்குது? நீலம் எண்டுதானே சொன்னவை?”

பச்சைதான். அதற்குள் போகும் துணியும் பச்சையாகத்தான் வெளியே வருகிறது. காற்றில் விரித்துப் பிடித்தால்... முதலில் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு ஓரத்தில் எங்கோ ஒரு நிழல். கண்ணைச் சிமிட்டுவதற்குள் பச்சை பின்வாங்குகிறது, நீலம் வந்து உட்காருகிறது. யாரும் தொடவில்லை, காற்றுதான். ரெஜினா அன்ரியின் தலையணை உறை அப்படி மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அதுவரை அறிந்த நீலமெல்லாம் அம்மா வேட்டி அலசும் பக்கெட்டில் விட்ட சொட்டு நீலம்தான். வெள்ளையை வெள்ளையாகவே வைத்துக்கொள்ளக்கூட நீலம் வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை!

என் வேட்டி? அது வெல்க்ரோ வைத்த ரெடிமேட் வேட்டி. பாதி பாலியஸ்டர். சாயம் ஏறவே மறுத்துவிட்டது. பேனா கசிந்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி அங்கங்கே திட்டு. கணவர் இன்னும் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஷிப்ரா தன் பையிலிருந்து அதை எடுத்தார்.

வெள்ளைப் புடவை. மடிப்பு கலையாதது. போன பூஜைக்கு மாலதி தீதி கொடுத்தது.

கொடுத்தவருக்கு அடையாளம் தெரியாதா? “ஷிப்ரா!” என்றார். சத்தமாகக்கூட இல்லை. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள். “அதை எதுக்கு எடுத்துட்டு வந்தே? உனக்குப் பிடிக்கலையா?”

ஷிப்ரா புடவையின் மடிப்பைப் பிரித்தார். இருப்பது ஒரே உறவு. அதுவும் இன்றைக்கு இந்தப் புல்வெளியில் முடிந்துவிடுமோ?

“என்னையும் யாரும் கேட்கலை, தீதி” என்றார் ஷிப்ரா.

அவ்வளவுதான். புடவையைத் தண்ணீரில் நனைத்தார், டிரம்மில் இறக்கினார்.

ஆறு கெஜம் புடவை நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். வெளியே எடுக்க ஒரு ஆளால் முடியாது. பாதி இழுத்ததும் ஷிப்ராவுக்கு மூச்சு வாங்கியது. நான் உதவிக்கு அடி எடுத்து வைத்தேன். ரெஜினா அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நில்லு பிள்ளை. நீ போகாதை.”

மாலதி தீதி வந்தார். வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். புடவையின் மறு முனையைப் பிடித்தார். இருவரும் பின்பக்கமாகவே நடந்து நடந்து, வேலிக்கும் சுவருக்கும் நடுவில் அதை விரித்துப் பிடித்தார்கள். பச்சையாக ஆடியது. காற்று வந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீலம் மெதுவாக நடந்துபோனது. நான் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. முடிந்ததும் மாலதி தீதி கையைக் கழுவினார், கார் சாவியை எடுத்தார், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். ரசகுல்லா டப்பாவைத் திறக்கக்கூட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

“தீதி இனி என்கிட்ட பேசமாட்டாங்க” என்றார் ஷிப்ரா, காரில். மடியில் ஈரப் புடவை. வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. எதிர் வீட்டுக் கொடியில் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க ஆள் வரவில்லை. ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டு, அடுப்பில் இருந்த பாலை இரண்டு தடவை பொங்கவிட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு போன். மாலதி தீதி! என் நம்பரை யாரிடம் வாங்கினாரோ... என்னோடு அவர் போனில் பேசியதே கிடையாது.

“டாண்டினாங்குல புடவைக் கடையில நிக்கறேன். பூஜை வருது” என்றார். கடைக்குள் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

“ஷிப்ராவுக்கு என்ன கலர் பிடிக்கும்?”

எனக்குத் தெரியும். மஞ்சள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“அவங்க நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே, தீதி” என்றேன்.