வண்டி நிழலில் படுத்த சிங்கம்

உடுமலை தாண்டி மலையடிவாரத்துக்குப் போனாலே யானை பார்த்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க போனா கம்பெனியில இருந்து போன் வந்துட்டே இருக்குமுங்க. டவரே இல்லாத காட்டுக்குப் போலாமுங்க" என்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்காக அவள் தேர்ந்தெடுத்த காடு தான்சானியாவில் இருந்தது.

மழையில்லாத மாதங்களில்தான் மிருகங்கள் தண்ணீர் தேடி வெளியே வருமாம். போய் இறங்கினால், காய்ந்த புல், புழுதி, முள்மரங்கள். "இதுக்கு நம்ம தாராபுரம் ரோட்டுலயே போயிருக்கலாம்" என்றேன். அவள் என் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள். அதில் சிக்னல் முழுசாக இருந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் ஒரு வறண்ட ஆற்றோரம் ஜீப்பை நிறுத்தினார்கள். யானைகள் மணலைத் தோண்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் புதரிலிருந்து ஒரு பெண் சிங்கம் வெளிப்பட்டு நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். நான் கேமராவைத் திறப்பதற்குள் அது வண்டியின் நிழலில், சக்கரத்தை ஒட்டிப் படுத்துவிட்டது.

"அது எழுந்தால்தான் கிளம்ப முடியும். எட்டிப் பார்க்காதீர்கள்" என்று ஓட்டுநர் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். சிங்கம் பார்க்கக் கடல் தாண்டி வந்தவனுக்கு, அதன் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் கிடைத்தது. பார்க்கும் பாக்கியம்தான் இல்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. காலையில் வெயிலுக்குப் பயந்து தண்ணீரையும் நிறையக் குடித்திருந்தேன். முகத்தைப் பார்த்தே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. பாவம், களைச்சுப் போய் வந்து படுத்திருக்குது" என்றாள், சிங்கத்துக்காக.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. சாயப்பட்டறை மேலாளர்.

"அண்ணா, நேவி ப்ளூ ஷேடு கொஞ்சம் டார்க் அடிச்சிருச்சுங்க. என்ன பண்ணட்டுமுங்க?"

வேறு நாளாக இருந்தால் நான் போட்ட சத்தம் போனில்லாமலே பட்டறைக்குக் கேட்டிருக்கும். "பரவால்ல கண்ணு" என்றேன், மூச்சுக்காற்றில்.

மேலாளர் பதறிப்போனார். "அண்ணா... உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு. அப்புறம் பேசறேன்."

கடைசியில் வெயில் சாய்ந்து எங்கள் நிழல் நகர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்து நின்ற இன்னொரு ஜீப்பின் நிழல் வசதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சிங்கம் எழுந்து அங்கே போய்ப் படுத்தது. ஓட்டுநர் வண்டியைக் கழிப்பறை இருந்த இடத்துக்கு விரட்டினார். அந்த நாட்டில் நான் கண்குளிரப் பார்த்த முதல் காட்சி அந்தக் கழிப்பறைக் கதவுதான்.

இரவு உணவின்போது அந்த இன்னொரு ஜீப்பில் இருந்த வெள்ளைக்கார அம்மா எங்கள் மேசைக்கு வந்து, தான் எடுத்த படத்தைக் காட்டினார். முன்னங்கால்மேல் தலைவைத்து உறங்கும் சிங்கம். எவ்வளவு அழகான முகம்! அதற்கு மேலே, பல்லைக் கடித்து, நெஞ்சை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் நான். பக்கத்தில் மனைவி முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் அதை வாங்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். மறுநாள் காலை முதல் பதில் அவள் அண்ணன் மகனிடமிருந்து வந்திருந்தது: "மாமாவுக்கு என்ன தைரியமுங்க அத்தை!"

"என்னன்னு எழுதட்டுமுங்க?" என்று கேட்டாள்.

"நன்றின்னு எழுது" என்றேன்.