ஜெர்மனியை எடை போட்ட ரயில்பெட்டி

மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகிற காலை வண்டியில் மரியகுழந்தையை வாதத்தில் ஜெயித்தவர் இதுவரை பிறக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் பங்காருபேட்டை சிக்னல்கூட ஒருமுறை தலையாட்டிவிட்டுத்தான் பச்சைக்கு மாறும். சரி, சிக்னல் சங்கதி கொஞ்சம் கூட்டிச் சொன்னது. முதல் சங்கதியும் அப்படித்தான். ஜெயிக்க வேண்டிய ஒருவர் பிறந்து, வளர்ந்து, அதே வண்டியில்தான் வந்துகொண்டிருந்தார். அவரை ஜெயிக்கவிடாமல் செய்ததுதான் மரியகுழந்தை திங்கட்கிழமை பண்ணிய தப்பு.

மரியகுழந்தை ஐம்பதைத் தாண்டியவர். மாரிக்குப்பத்திலேயே ஏறி, ஒயிட்ஃபீல்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போகிறவர். தபால் வழியில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்ததால் பெட்டியில் அவருக்குப் புரொபசர் என்று பெயர். தினமும் பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு வைப்பார். அது வழியில் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறும் கோவிந்தராஜுக்கு. பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. கடையை மூடிவிட்டு இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனில் பில் போடுகிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நின்றே இடது காலில் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு கட்டு.

அந்தப் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. தினம் ஒரு வாதம். பங்காருபேட்டை தாண்டியதும் கை தூக்கித் தீர்ப்பு. தோற்றவர் எழுந்து, இடமில்லாமல் நிற்கிற யாருக்காவது சீட்டைக் கொடுத்துவிட்டு, ஒயிட்ஃபீல்டு வரை நிற்க வேண்டும். கிரிக்கெட்டுக்காக நின்றவர்கள் உண்டு, பிரியாணிக்காக நின்றவர்களும் உண்டு. திங்கட்கிழமை யாரோ போனில் பார்த்த வீடியோவால் இரண்டாம் உலகப் போர் வந்து சேர்ந்தது. போருக்கு முந்தின வருஷத்தில் பெரிய பொருளாதாரம் பிரிட்டனா, ஜெர்மனியா?

“பிரிட்டன்தான். இதுல இன்னா சந்தேகம்?” என்றார் மரியகுழந்தை.

“தனி பிரிட்டனா, காலனியெல்லாம் சேத்தா?” என்று கேட்டார் கோவிந்தராஜ்.

“தனியாவே!”

“அப்போ ஜெர்மனிதான் பெரிசு, புரொபசரே. காலனியெல்லாம் சேத்தா பிரிட்டன் எங்கியோ பூடும். அது வேற கணக்கு.”

அது சரி என்று மரியகுழந்தைக்குத் தெரியும். பாடத்திலேயே படித்தவர். ஆனால் வாய் முந்திக்கொண்டு போய்விட்டது. அதைத் திரும்பக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

“நம்ம தங்கம் இன்னா ஆச்சு? தோண்டினது நம்ம பாட்டன். போனது லண்டனுக்கு. அத்த பிரிட்டன் தட்டுல வெச்சிப் பாருங்க, ஜெர்மனி மேல தூக்கிக்கும்!”

பெட்டி ஓவென்று கத்தியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் மாரிக்குப்பம், ஊரிகம் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள். “எங்க தாத்தா ஒருத்தர் தோண்டினதே பாதி ஜெர்மனி வரும்!” என்றான் மாரிக்குப்பத்து நாகேஷ்.

கோவிந்தராஜ் விடவில்லை. “எந்த ஊர்ல வெளைஞ்சுதோ அந்த ஊரு கணக்குலதான் சேரும். இங்க எடுத்த தங்கம் இந்தியா கணக்கு. அதுவும் ஒரு நாட்டோட மொத்தத்துக்கு முன்னாடி நம்ம தங்கம் மூக்குத்தி அளவுதாம்பா.”

மூக்குத்தி என்றதும் பெட்டி கப்பென்று அடங்கியது. மரியகுழந்தை அந்த இடத்தில் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டிருக்கலாம். அவரோ கோவிந்தராஜைப் பார்த்துச் சொன்னார்:

“சுரங்க ஷாஃப்ட்டுல இறங்காத குடும்பத்துக்கு அதோட எடை எப்படித் தெரியும்ணா? உங்களுக்குத் தெரிஞ்சது பருப்பு எடைதான்.”

சிரிப்பில் பெட்டியின் கூரை எழும்பி உட்கார்ந்தது. மரியகுழந்தைக்காகக் கைகள் எழுந்தன. கோவிந்தராஜ் அத்தனை கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒயிட்ஃபீல்டு வரை மரியகுழந்தையால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கண்ணுக்குள் அந்தக் கட்டுப் போட்ட கால் நின்றது. அதைவிட மோசமாக, கோவிந்தராஜின் அப்பா வந்து நின்றார். சுரங்கத்தில் விபத்து என்று சங்கு ஊதினால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுகிற மனிதர் அவர். நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை வெடித்து அடிபட்ட மரியகுழந்தையின் அப்பாவை, ஆளை ஏற்றி இறக்கும் கூண்டில் மேலே கொண்டுவந்த அன்றைக்கு, தலைப்பக்கம் தாங்கிப் பிடித்த கை அவருடையது. பருப்பு எடை போட்ட கை.

செவ்வாய்க்கிழமை ஊரிகத்தில் கோவிந்தராஜ் ஏறவில்லை. கைக்குட்டை போட்ட சீட் காலியாகவே பெங்களூர்ப் பக்கம் பயணம் போனது. உட்கார வந்த ஒருவரிடம் மரியகுழந்தை சண்டையே போட்டார். புதன்கிழமையும் அதே கதையானதும், வண்டி பங்காருபேட்டையில் நின்ற நேரத்தில் இறங்கி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பெட்டியில், பையின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் கோவிந்தராஜ்.

“இங்க இன்னாண்ணா பண்றீங்க?”

“பெங்களூரு போறேன். இந்தப் பெட்டியும் அங்கதான போவுது?”

“கைக்குட்டை போட்டு வெச்சிக்கீறேன்.”

“எடுத்து மூஞ்சி தொடச்சிக்க.”

மரியகுழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னதுதாண்ணா சரி. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

கோவிந்தராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினார். “தெரியாம சொல்லியிருந்தா நான் நேத்தே வந்திருப்பேன்.”

“அங்க வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

கோவிந்தராஜ் காலை மெல்லக் கீழே இறக்கினார். மரியகுழந்தை ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். கோவிந்தராஜின் நொண்டி நடைக்கு ஈடுகொடுத்து இருவரும் தங்கள் பெட்டிக்கு வந்து ஏறவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது.

மரியகுழந்தை உட்காரவில்லை. நடுவில் நின்றார்.

“எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு ஜெர்மனிதான் பெரிசு. நம்ம தங்கத்த பிரிட்டன் தட்டுல வெச்சது தப்பு. தெரிஞ்சேதான் வெச்சேன். நீங்க கை தட்டுவீங்கன்னு வெச்சேன். பருப்பு எடைன்னு சொன்னது அதைவிட அசிங்கம். எங்கப்பாவ மேல கொண்டாந்தப்போ தாங்கிப் புடிச்சது இவங்கப்பா. அவரு புள்ளைய, கட்டுப் போட்ட காலோட ஒயிட்ஃபீல்டு வரிக்கும் நிக்க வெச்சேன்.”

“அப்போ எங்க தாத்தா தோண்டினது?” என்றான் நாகேஷ் சன்னமாக.

“மூக்குத்திதாம்பா, ஆனா நல்ல மூக்குத்தி,” என்றார் கோவிந்தராஜ். கைக்குட்டையைத் தானே எடுத்து மடித்து மரியகுழந்தையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மரியகுழந்தை, இன்றைக்கு ஒயிட்ஃபீல்டு வரை நிற்பது தன் முறை என்று கம்பியைப் பிடித்தார்.

பின்சீட்டிலிருந்து ஷைலா எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண்; வாதங்களில் வாயே திறக்காதவள்.

“அங்கிள், ஒண்ணு மட்டும் தப்பா சொல்றீங்க. அவரு அன்னிக்கு ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நிக்கல. டேக்கல் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள நான் எழுந்து என் சீட்டக் கொடுத்துட்டேன். உங்க முதுகுக்கு நேர் பின்னாடிதான் உக்காந்து வந்தாரு. நீங்க ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல.”