டொலுவீனும் பாஸ்பரஸும் ஒரே குப்பியில்

1. யாரும் எடுக்காத பெட்டிகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த முதல் நாள், ஸ்டோரைத் திறந்து காட்டினார்கள். பெட்டி பெட்டியாகக் கண்ணாடிக் குப்பிகள். பயிர் எவ்வளவு உரம் எடுக்கிறது என்று அறிய, பி-32 என்ற கதிரியக்கப் பாஸ்பரஸைப் பயன்படுத்துவோம். அதன் கதிர் பட்டு எழும் ஒளியை ஒரு கருவியில் அளக்க, டொலுவீன் என்ற கரைப்பான் திரவத்தில் கலப்பார்கள். அளந்தபின் மிஞ்சுவதுதான் மிக்ஸட் வேஸ்ட். கதிரியக்கமும் உண்டு, தீயும் பிடிக்கும்.

ரசாயனக் கழிவு எடுப்பவர்கள், "ரேடியேஷன் இருந்தா தொட மாட்டோம் மேடம்" என்றார்கள். கதிரியக்கக் கழிவு எடுப்பவர்களோ, "டொலுவீன் இருக்கா? வேணாம்" என்றார்கள்.

இயக்குநர் அலுத்துப்போனார். "ஸ்டெல்லா, கொஞ்சம் கொஞ்சமா சிங்க்ல ஊத்தித் தண்ணி விட்டுடலாமே?"

"சார், அது போய்ச் சேர்றது பின்னாடி வாய்க்கால்ல. அந்தத் தண்ணியிலதான் நாத்தங்கால் விட்டிருக்காங்க."



பி-32 பதினான்கு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு மாதம் பூட்டி வைத்தால் அடங்கிவிடும். பிறகு அது வெறும் ரசாயனக் கழிவு. முறைப்படி அனுமதி வாங்கினேன். அக்ரிலிக் தடுப்பு, கசிவுத் தட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் போட்டுப் பூட்டினேன்.

2. வாசலில் டிராக்டர்கள்

அந்த ஆறு மாதக் கெடு முடியும் தறுவாயில், இங்கே அணுக்கழிவைப் புதைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு காலை வாசலை மறித்து டிராக்டர்கள் நின்றன. முன்னால் நின்றவர் கலியமூர்த்தி, அதே வாய்க்காலின் கடைமடை விவசாயி.

"எங்க வயித்துல மண்ணப் போட்டுட்டு என்னம்மா ஆராய்ச்சி பண்றீங்க?"

இயக்குநர் போலீஸுக்குச் சொல்லலாம் என்றார். நான் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இறுதி அளவை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. முள் கொஞ்சம் ஏறினாலும் கதை முடிந்தது.

முதலில் அவருடைய வரப்புக்கே போய் மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். எங்கும் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சை அது மெதுவாக டிக், டிக் என்று எண்ணியது.

"மிஷின் ஒழுங்கா ஓடுதாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சோதனைக்கென்று இருக்கும் சிறு கதிரியக்க வில்லையை எதிரே காட்டினேன். மீட்டர் படபடவென்று பொரிந்தது. திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினார்.

பிறகு கோட்டும் கையுறையும் மாட்டி அவரை ஸ்டோருக்குள் கூட்டிப்போனேன். எந்தப் பெட்டி என்பதை அவரே காட்டினார்; மூடியைத் திறந்தேன். டிக், டிக். அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. கடைசிப் பெட்டி வரை அதே நிதானம்.

வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "வரப்புல அடிச்ச மாதிரியேதாம்ப்பா அடிக்குது!"

கூட்டம் சிரித்துவிட்டது. எனக்கோ கண் கலங்கியது.

ரசாயனக் கழிவு எடுக்கும் லாரி வந்த அன்று, குறுகலான வாய்க்கால் சாலையில் கலியமூர்த்தியின் டிராக்டர்தான் முன்னால் போய் எதிர்வண்டிகளை ஒதுக்கியது. லாரி மெயின் ரோட்டில் ஏறியதும் எல்லாரும் கைதட்டினோம். இயக்குநரும்தான்.

3. நான் கற்றது

பி-32ஐ வெறும் தண்ணீரில் வைத்தே அதே கருவியில் அளக்க முடியும். அதன் கதிர் தண்ணீரிலேயே ஒளி தரும். டொலுவீன் தேவையே இல்லை. மறுவாரமே அதை விதியாக்கினேன். சோதனையைத் திட்டமிடும்போதே கழிவு எங்கே போகும் என்று யோசித்துவிடுங்கள். நான் ஓய்வு பெறும்வரை, அப்படி ஒரு கலப்புக் குப்பிகூட அந்த ஸ்டோருக்குள் வரவில்லை.