மல்லிகாக்கா மேல வந்தது அம்மன் இல்ல

...இல்ல, நீங்களே சொல்லுங்க. போன்ல ஒருத்தங்க "அரிசி களைஞ்சிட்டியாடி"ன்னு கேட்டா, அவங்க உயிர் போய்ட்டிருக்குன்னு யாருக்காவது தோணுமா?

எங்க மல்லிகாக்கா போயிடுச்சுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம். நேத்து எடுத்துட்டாங்க.

போட்டோல எம் பக்கத்துல கரண்டியோட சிரிக்குதே, அதான். மலை மேல ஹாஸ்டல் ஸ்கூல்ல பதினாலு வருஷமா நாங்க ரெண்டு பேரும்தான் சமையல். நான் ஆலங்காயத்துல இருந்து காலைல ஜீப் ஏறிப் போவேன். அக்கா வூடு ஸ்கூலுக்குப் பின்னாடியே.

அக்காவுக்கு சுகர். ரொம்ப வருஷமா இன்சுலின் ஊசிதான். ஊசி போட்டா உடனே சாப்பிடணும்... ஆனா அத்தினி புள்ளைங்க தட்டோட வரிசைல நிக்கறப்ப அதுக்கு எங்க வாய்ல எறங்கும்?

முன்னாடி எல்லாம் சுகர் எறங்கினா அக்காவுக்கே தெரிஞ்சிடும். நெத்தி வேர்க்கும், கை நடுங்கும்.

"அடியே விஜயா, கை டான்ஸ் ஆடுதுடி, எடு சக்கரைய!"ன்னு கத்தும். ஒரு கை அள்ளி வாய்ல போட்டுக்கும்.

"இன்னாக்கா, எல்லாத்தையும் நீயே துன்னுட்டா பாயசத்துக்கு இன்னா போடறது?"ன்னு கேப்பேன்.

"உம் பேச்ச போடு, அதுவே தெகட்டும்!"

அந்த வேர்வையும் நடுக்கமும் எப்ப நின்னுச்சுன்னு எங்களுக்கே தெரியாது. நல்லாயிட்டு வருதுன்னு நெனச்சோம். நான் சந்தோஷத்துல அம்மனுக்கு மாவிளக்குகூட போட்டேன்.

போன வருஷம் ஒரு ஆடி வெள்ளி. ஆடி வெள்ளின்னா நாங்க ரெண்டு பேரும் விரதம். சமையல் முடிச்சு, அடுப்படியில இருக்கற அம்மன் படத்துக்குப் படைச்ச பிறகுதான் பச்சத்தண்ணியே. அந்தப் பழக்கத்த ஆரம்பிச்சது நான்தான்.

அன்னைக்கு சாம்பார் அண்டா முன்னாடி அக்கா அப்படியே நின்னுடுச்சு. கண்ணு எங்கயோ குத்தி நிக்குது, உடம்பு முன்னயும் பின்னயும் ஆடுது. "யக்கா"ன்னு கூப்பிட்டா, "யாரு நீ? எதுக்கு வந்த?"ன்னு கேக்குது.

எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துடுச்சுங்க. அம்மன் வந்துட்டான்னு நெனச்சு கற்பூரம் ஏத்தி, வேப்பிலைய கைல குடுத்து, கால்ல வுழுந்துட்டேன்.

"தாயே, எம் பொண்ணுக்கு எப்பம்மா கல்யாணம் ஆவும்?"

"உப்பு"ன்னுச்சு அக்கா. அவ்ளோதான். கோயில்ல உப்பு வாங்கிக் கொட்டச் சொல்றா அம்மன்னு நான் கன்னத்துல போட்டுக்கறேன்...

புள்ளைங்களுக்கு மாத்திரை குடுக்க வந்த நர்ஸம்மாதான் ஓடியாந்து விரல்ல குத்திப் பார்த்தாங்க. "இன்னாமா பண்றீங்க? சுகர் அடியில கெடக்கு! கற்பூரத்தத் தூக்கிப் போட்டுட்டு சக்கரையக் கரைச்சிக் கொண்டா!"

கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சோம். கால் மணி நேரத்துல அக்கா கண்ணு தெளிஞ்சு, "ஏன்டி எங் கைல வேப்பிலை?"ன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சிட்டேன். நர்ஸம்மா சிரிக்கல.

"அடிக்கடி எறங்கி எறங்கி உடம்புக்கே பழகிப் போச்சும்மா. இனிமே வேர்க்காது, நடுங்காது, ஒண்ணும் காட்டிக் குடுக்காது. நேரா புத்தி தடுமாறும், அப்படியே சாஞ்சிடுவாங்க. கூட இருக்கறவங்கதான் பார்த்துக்கணும். விரதம் கிரதம்னு பேச்சே எடுக்கக் கூடாது."

மறுநாள் அக்கா ஒரு குளுக்கோஸ் பாக்கெட்ட எங் கைல குடுத்துச்சு. "இது எங்கிட்ட இருந்து பிரயோஜனம் இல்லடி. எனக்குத்தான் தெரியப் போறதில்லயே. உன் பைல வச்சுக்க. நான் சம்பந்தம் இல்லாம ஒளறினா கும்பிடு போட்டுக்கினு நிக்காத, வாய்ல போடு."

சரிக்கான்னு சத்தியம் பண்ணேன். அம்மன் மேலதான்.

இந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு. அக்கா வூட்ல டவர் இருக்காது, ரோட்டோரம் புளிய மரத்தடிக்கு நடந்து வந்துதான் பேசணும். காலைல பத்தரை இருக்கும், நான் எங்க வூட்ல பூஜையில இருக்கேன். போன் அடிக்குது.

"அரிசி களைஞ்சிட்டியாடி? புள்ளைங்க வந்துட்டாங்க."

"இன்னாக்கா, லீவு அன்னைக்கு எந்தப் புள்ளைங்க? தூக்கத்துல பேசறியா?"

"அண்டா எங்கடி... அண்டா..."

"யக்கா, தீபாராதனை நேரம். அப்புறம் கூப்பிடறேன் இரு."

வச்சிட்டேங்க. நான்தான் வச்சேன்.

எதிர்லயே ஆணில எம் பை தொங்குது. குளுக்கோஸ் பாக்கெட் அதுக்குள்ளதான். புளிய மரத்துக்கு எதிர்ல இருக்கற கடைக்காரர் நம்பரும் எங்கிட்ட இருந்துச்சு. "அண்ணா, அக்கா வாய்ல கொஞ்சம் சக்கரை போடுங்க"ன்னு ஒரு வார்த்தை...

அவரு அழுவறாரு. "போன காதுல வச்சிக்கினே மரத்துல சாஞ்சி இருந்தாங்கம்மா. உங்கிட்டதான் பேசறாங்கன்னு நெனச்சேன்."

ஜீப்ல தூக்கிப் போட்டு மலை எறங்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

அந்த பாக்கெட் இப்ப அம்மன் படத்துக்கிட்ட இருக்கு. பிரிக்கவே இல்ல.

யக்கா... மன்னிச்சுக்க. போய்ட்டு வா.

இப்பதாங்க ஞாபகம் வருது. வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப் ஏறறப்ப நான்தான் அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன்... "நாளைக்கு ஆடி கடைசி வெள்ளிக்கா, மறந்துடாத"ன்னு.