குமுதா போட்ட இரண்டாவது இலை

குமுதா என் பக்கத்து வீட்டுக்காரி. கோலா சிலாங்கூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய அக்கா பிரமிளா இரண்டாவது பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் செத்துப்போனாள். உடம்புக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியவள் குமுதாதான். தனக்கு மகள் நித்தியா ஒருத்தியே போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். புருஷன் சத்தியசீலனும் சரி என்று தலையாட்டினான்.

போன வருடம் அவன் தம்பி குகன், சுங்கை புரோங் சாலையில் மோட்டார் சைக்கிளோடு நெல் லோரியில் மோதிச் செத்தான். கருமாதி முடிந்த கையோடு சீலனின் பேச்சு மாறிவிட்டது. குகன் தன் வீட்டிலேயே வந்து பிறப்பானாம். யார் வயிற்றில் என்பதைக் குமுதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் வருடத் திவசத்துக்குச் சமையலில் கைகொடுக்க நானும் போயிருந்தேன். குகன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், சிகரெட் எல்லாம் வைத்தார்கள். மாமியார் வேலம்மா அதன் ஓரத்தில் ஒரு வெள்ளி அரைஞாணையும் வைத்தார், பிறக்கப்போகிறவனுக்காக.

குமுதா பேசாமல் கொல்லைக்குப் போய் இன்னொரு வாழையிலை அறுத்து வந்தாள். பக்கத்தில் விரித்து, பிரமிளாவின் படத்தை வைத்து, அதே சோற்றைப் பரிமாறினாள்.

வேலம்மாவுக்கு முகம் கறுத்தது. "பொறந்த வீட்டுச் சாவுக்கு இங்க எல போடக் கூடாது, குமுதா. எடு."

"அது வேற சாவு லா," என்றான் சீலன்.

"வேறதாங்க," என்றாள் குமுதா. குரல் உயரவில்லை. "அத்த, உங்க சின்ன மவன் மோட்டார்ல போய்ச் செத்தாரு. மறுவாரமே இவரு மோட்டார வித்துட்டீங்க. இவரு அதுல ஏறக் கூடாதுன்னு. எங்கக்கா பிள்ள பெக்கப் போய்ச் செத்தா. என்ன மட்டும் ஏன் அங்க அனுப்புறீங்க?"

வேலம்மா அரைஞாணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அவராவது ஏதோ புரிந்துகொண்டார்.

சீலன் கற்பூரம் ஏற்றி, தம்பியின் இலைக்கு மட்டும் காட்டிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். அணைவதற்குள் குமுதா அதை எடுத்து அக்காவுக்குக் காட்டினாள்.